பூட்டு தரும் அவகாசம்

லண்டனில் பிராமா நிறுவனம் தன் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, அதைத் திறந்து காட்டுபவருக்கு 200 கினி (அக்காலப் பிரிட்டிஷ் நாணயம்) பரிசு என்று அறிவித்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. 1851-இல் மாபெரும் கண்காட்சிக்காக அந்நகருக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், 16 நாட்களில் விட்டுவிட்டுச் செய்த ஏறத்தாழ 51 மணி நேர உழைப்பில் அதைத் திறந்துவிட்டார். அதே ஆண்டில், சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டு ஒன்று அவரிடம் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இதைப் படிப்பவர்கள், அப்படியானால் எந்தப் பூட்டும் பயனற்றதுதான் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடக்கூடும். ஆனால் பூட்டிய கதவின் முன்னால் 51 மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு எந்தத் திருடனுக்கும் கிடைப்பதில்லை. பிராமாவின் பூட்டு பந்தயத்தில் தோற்றதே தவிர, ஒரு பூட்டு செய்ய வேண்டிய வேலையை மிக நன்றாகவே செய்தது.

கட்டடங்களையும் கணினி அமைப்புகளையும் காக்கும் ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்தக் கேமரா, எந்தப் பூட்டு, எத்தனை காவலர் என்ற கொள்முதல் பட்டியலாகவே சுருங்கிவிடுகிறது. இந்தத் துறையின் அடிப்படையோ காலக்கணக்கு. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் அணுசக்தி நிலையங்களைக் காப்பதற்காக 1970-களிலிருந்து வளர்த்தெடுத்த முறையில் மூன்று கூறுகள் உள்ளன: அத்துமீறலைக் கண்டறிவது, அத்துமீறுபவரைத் தாமதப்படுத்துவது, உரியவர்கள் வந்து தடுப்பது. இவற்றில் அடிக்கடி மறக்கப்படும் விதி ஒன்று உண்டு. கண்டறிவதற்கு முன்னால் ஏற்படும் தாமதத்துக்கு மதிப்பே கிடையாது. யாருக்கும் தெரியாத நிலையில் ஒருவர் சுவரை ஒரு மணி நேரம் துளைத்தாலும், ஒரு இரவு முழுவதும் துளைத்தாலும் விளைவு ஒன்றுதான்.

ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வேலியை வெட்ட அரை நிமிடம், வெளிக்கதவை உடைக்க இரண்டு நிமிடம், உள்ளே உள்ள இரும்புப் பெட்டியைத் திறக்க நான்கு நிமிடம் ஆகும் என்றும், அலாரம் அடித்த பின் காவலர்கள் வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும் என்றும் கொள்வோம். உணர்கருவி இரும்புப் பெட்டியில் மட்டும் இருந்தால், அது ஒலிக்கத் தொடங்கும்போது திருடனுக்கு மிஞ்சியிருக்கும் வேலை நான்கு நிமிடம்தான் என்பதால், காவலர்கள் வரும்போது பெட்டி காலியாக இருக்கும். அதே உணர்கருவி வேலியில் இருந்தால் திருடனுக்கு இன்னும் ஆறரை நிமிட வேலை இருக்கும். காவலர்கள் ஒன்றரை நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவார்கள். சுவரின் தடிமனையோ பூட்டின் விலையையோ கூட்டாமல், உணர்கருவியை இடம் மாற்றியதாலேயே முடிவு தலைகீழாகிவிட்டது. உட்புறத்தில் விலை உயர்ந்த பெட்டகத்தை வாங்கி வைத்துவிட்டு வெளிச்சுற்றை இருட்டில் விட்டிருக்கும் நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கண்டறிதல் என்பது மணி அடிப்பதோடு முடிவதுமில்லை. 2012 ஜூலை 28 அன்று அதிகாலையில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜில் உள்ள ஒய்-12 வளாகத்துக்குள், அதாவது அணு ஆயுதத்துக்கான செறிவூட்டிய யுரேனியம் வைக்கப்பட்டிருக்கும் இடத்துக்குள், 82 வயதுக் கன்னியாஸ்திரி மேகன் ரைஸும் வேறு இரண்டு அமைதி ஆர்வலர்களும் வேலிகளை வெட்டிக்கொண்டு நுழைந்தார்கள். யுரேனியக் கிடங்கின் சுவர்வரை சென்று அதில் வாசகங்களை எழுதினார்கள். சுவரைச் சுத்தியலால் தட்டவும் செய்தார்கள். அலாரம் அடிக்காமல் இல்லை. ஆனால் அங்கு பொய் அலாரங்கள் வழக்கமாகிவிட்டிருந்தன. அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டிய கேமரா பழுதாகிக் கிடந்தது. சுத்தியல் ஓசையைக் கேட்ட காவலர்கள் ஏதோ பராமரிப்பு வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள் என்று எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை பின்னர் பதிவு செய்தது. மணி அடித்தது எதனால் என்று உடனே பார்த்துச் சொல்ல ஆளும் கருவியும் இல்லாவிட்டால், அந்த மணி வெறும் இரைச்சல். தினமும் காரணமின்றி அடிக்கும் உணர்கருவி, காவலர்களைக் காது கேளாதவர்களாகப் பழக்கிவிடுவதால், இல்லாத உணர்கருவியைவிடவும் மோசமானது என்பேன்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 2025 அக்டோபர் 19 அன்று நடந்த நகைக்கொள்ளையில் குறை வேறு இடத்தில் இருந்தது. வீட்டுச் சாமான்களை மேல்தளத்துக்கு ஏற்றும் ஏணி பொருத்திய லாரியை வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தி, பட்டப்பகலில் பால்கனிக்கு ஏறிய கொள்ளையர்கள், ஜன்னலை அறுத்து உள்ளே புகுந்து, கண்ணாடிப் பேழைகளை உடைத்து, எட்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் வெளியே இருந்த ஒரே கேமரா வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பால்கனி அதன் பார்வைக்குள் வரவில்லை என்று அருங்காட்சியக இயக்குநரே பிரெஞ்சு செனட் சபையில் ஒப்புக்கொண்டார். உள்ளே அலாரம் ஒலித்தது. ஆனால் அது ஒலிக்கத் தொடங்கியபோது, மிஞ்சியிருந்த தடைகள் எல்லாம் சேர்ந்தும் காவல்துறை வந்து சேரும் வரை தாங்கவில்லை. லாரி வந்து நின்ற கணத்திலேயே யாராவது சந்தேகப்பட்டிருந்தால் கணக்கு மாறியிருக்கும்.

வெளிச்சுற்றில் தூரமும் ஒரு தடைதான். 1995-இல் ஓக்லஹோமா நகரின் கூட்டரசு அலுவலகக் கட்டடத்தின் வாசலை ஒட்டி நிறுத்தப்பட்ட வாகனத்தில் வெடித்த குண்டு 168 பேரைக் கொன்ற பிறகு, வாகனங்களைக் கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்துவதே எந்தச் சுவரைவிடவும் மலிவான காப்பு என்ற பாடம் பல நாடுகளின் கட்டட விதிகளில் ஏறியது. வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறைந்துவிடும். வாசல்களின் முன் நடப்படும் இரும்புத் தூண்களுக்கும் பூந்தொட்டி வடிவிலான கான்கிரீட் தடைகளுக்கும் அதுவே வேலை. குறிப்பிட்ட எடையுள்ள லாரி குறிப்பிட்ட வேகத்தில் மோதினால் எத்தனை மீட்டருக்குள் நின்றுவிட வேண்டும் என்று அளந்து இவற்றுக்குத் தரச்சான்று தரப்படுகிறது. சான்று இல்லாத தூண் வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம்.

இனி கதவுக்கு வருவோம், ஏனெனில் பெரும்பாலான அத்துமீறல்கள் அங்கேதான் நடக்கின்றன. கதவு என்பது பலகை மட்டுமன்று. நிலை, கீல், பூட்டு, பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகடு, அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் கதவு. அலுவலகக் கதவுகளில் பொதுவாகக் காணப்படும் வில்நாக்குப் பூட்டை அருகில் சென்று பாருங்கள். நாக்கை ஒட்டினாற்போல ஒரு சிறு முளை இருக்கும். கதவைச் சாத்தும்போது நாக்கு தகட்டின் துளைக்குள் விழ வேண்டும். முளை மட்டும் துளைக்குள் விழாமல் தகட்டின் மேல் அழுந்தி நிற்க வேண்டும். முளை அழுந்தியிருக்கும் வரை, நாக்கை வெளியிலிருந்து எதைக் கொண்டும் பின்னுக்குத் தள்ள முடியாது. கட்டடம் கொஞ்சம் இறங்கியோ, கீல் தேய்ந்தோ, தகட்டின் துளையைத் தச்சர் சற்றுப் பெரிதாக வெட்டியோ முளையும் நாக்கோடு சேர்ந்து துளைக்குள் விழுந்துவிட்டால், வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் துண்டே அந்தக் கதவுக்குச் சாவியாகிவிடுகிறது. விலை உயர்ந்த அட்டைப் படிப்பான் பக்கத்துச் சுவரில் பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தாலும் இந்த நிலை மாறாது. இதைச் சரிசெய்யத் தேவைப்படுவது சில திருகுகளும் அரை மணி நேரமும்தான். ஆனால் பாதுகாப்புத் தணிக்கைப் படிவங்களில் இதற்கென்று ஒரு கட்டம் இருப்பது அரிது.

கதவைச் சுற்றியுள்ள சுவரையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சர்வர் அறையின் தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிட்டு, அதற்கு மேலே கூரைத்தளம் வரை வெற்றிடமாக இருப்பது பரவலான குறை. பக்கத்து அறையின் கூரைத் தட்டு ஒன்றை நகர்த்தி ஏறி இந்தப் பக்கம் இறங்கிவிடலாம் என்றால், கதவில் விரல்ரேகைப் பூட்டு இருந்து என்ன பயன்? கேபிள்கள் செல்வதற்காக உயர்த்திக் கட்டிய தரைக்கும் இது பொருந்தும்.

மின்னணு அட்டைகள் நுழைவைப் பதிவு செய்கின்றன. தொலைந்த அட்டையை நொடியில் முடக்கவும் உதவுகின்றன. சாவியால் இந்த இரண்டையும் செய்ய முடியாது. ஆயினும் அட்டைகளின் தரத்தில் பெரும் வேறுபாடு உண்டு. 125 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பழைய அட்டைகள் பெரும்பாலானவை தம் எண்ணை எந்தக் குறியாக்கமும் (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் முறை) இன்றிக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிடுகின்றன; நகலெடுக்கும் கருவிகள் வெளிச்சந்தையிலேயே கிடைக்கின்றன. உலகெங்கும் புழங்கிய மைஃபேர் கிளாசிக் அட்டையின் ரகசியக் குறியாக்க முறையை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். அப்படியிருந்தும் இந்த இரு வகைகளும் இன்றுவரை எத்தனையோ கட்டடங்களில் தொடர்ந்து இயங்குவதற்குக் காரணம், ஆயிரக்கணக்கான அட்டைகளையும் படிப்பான்களையும் ஒரே நேரத்தில் மாற்றும் செலவுதான். இயந்திரச் சாவிகளுக்கும் இதே போன்ற பலவீனம் உண்டு. பல பூட்டுகளைத் திறக்கும் பொதுச்சாவி முறையில், ஒரே ஒரு அறையின் சாவியும் அதன் பூட்டும் கையில் இருந்தால், சில வெற்றுச் சாவிகளை அராவி அராவிச் சோதித்தே பொதுச்சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணினியியல் ஆய்வாளர் மேட் பிளேஸ் 2003-இல் வெளியிட்டார். பூட்டுத் தொழிலாளர்கள் சிலருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது; கட்டட உரிமையாளர்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா என்பது இன்னொரு சிக்கலான கேள்வி. காந்தப் பூட்டு மின்சாரம் நின்றவுடன் விட்டுவிடும். தீ விபத்தில் உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க அது வேண்டும். ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்க முடிந்த எவருக்கும் அது வழிவிடும். மக்கள் வெளியேறும் வழியில் உயிரே முதன்மை என்பதில் பேரத்துக்கு இடமில்லை. ஆகவே உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினால் எப்போதும் திறக்கக்கூடியதும், வெளியிலிருந்து மின்சாரம் இல்லாதபோதும் பூட்டியே இருப்பதுமான பூட்டைத் தேர்ந்தெடுப்பது பல இடங்களில் சரியான விடையாக அமைகிறது.

இத்தனையும் இருந்தும், கைநிறையப் பெட்டிகளோடு வருபவருக்குக் கதவைப் பிடித்து நிற்கும் நல்ல மனிதர் ஒருவர் எல்லாவற்றையும் ஒரு நொடியில் செல்லாக்காசாக்கிவிடுவார். அட்டை வைத்திருப்பவரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழைவது மிகப் பழைய உத்தி. இதற்குச் சுவரொட்டி எச்சரிக்கைகள் உதவுவதில்லை, ஏனெனில் முகம் தெரியாதவரை நிறுத்திக் கேள்வி கேட்பது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சுழல் தடுப்பையோ, முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவது திறக்கும் இரட்டைக் கதவு அறையையோ அமைத்துவிட்டால், அந்தச் சங்கடமான வேலையை ஊழியர்களின் தலையிலிருந்து கட்டடமே எடுத்துக்கொள்கிறது.

தகவல் அமைப்புகளைக் காப்பது ஒரு முக்கியமான வகையில் நகையைக் காப்பதிலிருந்து வேறுபட்டது. நகை போனால் பேழை காலியாக இருக்கும். தரவு நகலெடுக்கப்பட்டால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். களவு நடந்ததே தெரியாமல் மாதங்கள் கழியலாம். எனவே மேற்சொன்ன மூன்றில் கண்டறிதல் என்ற கூறு இங்கே மேலும் கடினமாகிறது. கணினியைக் கையால் தொட முடிந்தவருக்கு, வலையமைப்பு வழியே வருபவருக்கு இல்லாத வழிகள் உள்ளன. கணினியை அணைத்த நொடியே அதன் நினைவகம் வெறுமையாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை, 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொய்யாக்கினார்கள். தூசி அகற்றும் சாதாரணத் தெளிப்புக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து நினைவகச் சில்லை ஏறத்தாழ மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்தபோது, மின்சாரம் இல்லாமல் 10 நிமிடம் கழிந்த பின்னும் அதிலிருந்த பிட்களில் ஒரு சதவீதம்கூட அழியவில்லை. கணினியின் வட்டை (ஹார்ட் டிஸ்க்) குறியாக்கம் செய்யப் பயன்பட்ட ரகசியச் சாவியும் அதில் அப்படியே இருந்தது. இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனித்து வைக்கப்பட்ட இயந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசவேலை நிரல், ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தின் தனித்த வலையமைப்புக்குள் யாரோ கொண்டுபோன பென் டிரைவ் வழியாகவே நுழைந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது.

கணினியே திருடனின் கைக்குப் போய்விடும் ஆபத்துக்கான மாற்று, முழு வட்டுக் குறியாக்கம். திருடுபோன மடிக்கணினியின் வட்டு முறையாகக் குறியாக்கம் செய்யப்பட்டு, கணினியும் முழுவதுமாக அணைக்கப்பட்டிருந்தால், திருடனுக்குக் கிடைப்பது வன்பொருளின் விலை மட்டுமே. பூட்டு நிமிடக்கணக்கில் தரும் அவகாசத்தைக் குறியாக்கம் பல தலைமுறைகளுக்கு நீட்டிவிடுகிறது. ஆனால் மூடியை மட்டும் சாத்தி உறக்க நிலையில் விடப்பட்ட கணினிக்கு இந்த உறுதியைத் தர முடியாது, ஏனெனில் சாவி நினைவகத்திலேயே இருக்கிறது. சர்வர் அலமாரிகளின் பூட்டுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பல தயாரிப்பாளர்கள் ஒரே சாவி எண்ணைத் தம் எல்லா அலமாரிகளுக்கும் தருவதால், மாற்றப்படாத பூட்டு தூசியைத் தடுக்கும், ஆளைத் தடுக்காது.

தரவு மையங்களைப் பொறுத்தவரை, கள்வரைவிடத் தீயும் நீரும் பெரிய எதிரிகள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. காப்பு நகலை அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பலர் மூலத்தையும் நகலையும் ஒரே இரவில் இழந்தார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மேல்தளத்தில் பத்திரமாக இருந்த ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. பிராட் தெருவின் ஒரு கட்டடத்தில் ஊழியர்கள் 17 மாடி ஏறி வாளிகளில் டீசல் சுமந்து சர்வர்களை ஓடவைத்தார்கள். மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அந்த மாற்று ஏற்பாடு எதை நம்பியிருக்கிறது என்று கடைசிக் கண்ணி வரை தொடர்ந்து கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

தீயணைப்பு முறையே தீங்கு செய்வதும் உண்டு. சர்வர் அறைகளில் ஒரு காலத்தில் ஹேலான் வாயு பரவலாக இருந்தது. ஓசோன் படலத்தை அது அரிப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலிருந்து அதன் உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஆர்கான், நைட்ரஜன் போன்ற மந்த வாயுக்களும் அடங்கும். 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி தன் தரவு மையத்தில் அத்தகைய வாயுவை வெளியேற்றிச் சோதித்தபோது, உயர் அழுத்தத்தில் பீறிட்ட வாயுவின் ஓசை அதிர்வினாலேயே ஏராளமான ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகி, சேவைகள் பல மணி நேரம் நின்றுபோயின. தீ இல்லை, நீர் இல்லை. சோதனை ஒன்றுதான் விபத்து.

காப்பு அளவுக்கு மீறினால் உரியவரையே வெளியே நிறுத்திவிடும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கியபோது, தொலைவிலிருந்து சரிசெய்யும் வழிகள் யாவும் அடைபட்டதால் பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. நிறுவனத்தின் தரவு மையங்கள் உள்ளே நுழையக் கடினமாகவும், நுழைந்த பிறகும் கருவிகளை எளிதில் மாற்ற முடியாதவாறும் கட்டப்பட்டிருந்ததால் மீட்பு தாமதமானது என்று நிறுவனமே விளக்கமளித்தது. நெருக்கடியில் கதவைத் திறப்பதற்கான வழி, நெருக்கடிக்கு உள்ளாகும் அதே வலையமைப்பைச் சார்ந்திருக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த முயலும், தகவல் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001-இன் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள 93 கட்டுப்பாடுகளில் 14 பருப்பொருள் பாதுகாப்பைச் சேர்ந்தவை. வளாக எல்லை முதல் மேசையில் காகிதத்தை விட்டுச்செல்லாதிருப்பது வரை அவற்றில் அடங்கும். இடத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது அந்தப் பதிப்பில்தான் தனிக் கட்டுப்பாடாகச் சேர்ந்தது. பட்டியலின் கடைசியில் இருப்பதால் பலரும் விட்டுவிடுவது, பயன்பாடு முடிந்த கருவிகளை அழிப்பது. சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டில் ஒரு கோப்பின் மேல் புதிதாக எழுதினாலும், தேய்மானத்தைப் பகிர்வதற்காக வட்டு அதை வேறு இடத்தில் எழுதிக்கொள்வதால் பழைய தரவு எங்கோ மிஞ்சியிருக்கலாம். காந்தத்தால் அழிக்கும் கருவியோ எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கான வட்டுகளை ஒப்படைத்ததற்காகவும், அவற்றில் சில வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விற்கப்பட்டதற்காகவும், மார்கன் ஸ்டான்லி நிறுவனம் 2022-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்த வட்டுகளை எடுக்க யாரும் பூட்டை உடைக்கவில்லை.

காகிதத்தில் போட்ட காலக்கணக்கு நடைமுறையில் சரியாக இருக்கிறதா என்பதைச் சோதித்தால்தான் தெரியும். அதற்காகவே அனுமதியோடு அத்துமீறிப் பார்க்கும் குழுக்கள் உள்ளன. அந்த அனுமதியை யார் தருகிறார் என்பதில் தெளிவு இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு, 2019 செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் டல்லஸ் கவுண்டி நீதிமன்றத்தில் நடந்தது சாட்சி. மாநில நீதித்துறை எழுத்து மூலம் அமர்த்திய சோதனையாளர்கள் இருவர் இரவில் உள்ளே நுழைந்தார்கள். ஆனால் கட்டடம் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. கவுண்டி அதிகாரிகளுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. சோதனையாளர்கள் கைதாகிச் சிறையில் வைக்கப்பட்டார்கள்; வழக்கு கைவிடப்பட 2020 ஜனவரி ஆயிற்று. கவனிக்க வேண்டியது, கதவு திறந்ததும் அலாரம் அடித்தது, சில நிமிடங்களில் ஷெரிஃபின் (கவுண்டி காவல் அதிகாரியின்) ஆட்களும் வந்து நின்றார்கள் என்பதுதான். சோதனையின் கேள்விக்கு அன்றிரவே விடை கிடைத்திருந்தது. அதை யாரும் அறிக்கையாக எழுதும் மனநிலையில்தான் இல்லை.